ஜமால் காக்கா கடித்த கண்ணாடி

போன் வந்தபோது கத்தாரில், ராஸ் லஃபான் கேம்ப்பில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே டியூட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எண் ஓமன் எண். காக்காவின் மூத்த மருமகன் ரிஃபாய். "மாமா மௌத்தாயிட்டாங்க" என்றார். காலையில் சலாலா கடையின் ஷட்டரைத் தூக்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். தண்ணீர் கேட்டாராம். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் கேட்ட முதல் கேள்வி, "எப்ப எடுக்கிறீங்க?" அஸர் தொழுகைக்குப் பிறகு என்றார். கத்தாரிலிருந்து வெளியேற எக்ஸிட் பெர்மிட், ஓமனுக்குள் நுழைய விசா, அப்புறம் டிக்கெட். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எந்த வழியிலும் கூடிவரவில்லை. லீவு ஃபார்மில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடும்போது அங்கே அடக்கம் முடிந்திருந்தது. உங்களுக்குத் தெரியும், ஜமால் காக்கா எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. ஃபேக்டரி வண்டி அவருக்காகக் காத்து நின்ற காலைகளில் நான் எவ்வளவு கத்தியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் என்னைக் காக்கவைக்காமல் போய்விட்டார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ராஸ் அல் கைமா ஜூஸ் ஃபேக்டரியில் எங்களோடு இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நம்மிடத்தில் தமிழன், மலையாளி, பட்டான் எல்லோருக்கும் அவர் காக்காதான். பர்ச்சேஸ் அவர் பொறுப்பு. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்த கையோடு வந்து சேர்ந்தவன். அவர் என்னை முருகேசன் என்று கூப்பிட்டதே இல்லை, "இன்ஜினீயர்" என்பார். பாதி மரியாதை, பாதி கேலி. முதலாளி அர்பாப் முன்னால் காக்கா கண்ணாடி தின்ற கதையை கேண்டீனில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வீர்கள். அதை முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன், போன வாரம் வரை.

அந்த வருஷம் நம் ஃபேக்டரி சிரப் விற்பனை ஓடவில்லை. அர்பாப் காக்காவைக் கூப்பிட்டு, ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் புதுசாக ஒரு ஜூஸ் கடைகளில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஜூஸ் செக்‌ஷனே கலாஸ் என்று சொல்லிவிட்டார். கலாஸ் என்றால் விசா கேன்சல். காயல்பட்டினம், மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுக்கும் ஊர். இரண்டாவது மகளுக்கு நிக்காஹ் பேசியாகிவிட்டது. வீட்டுக்கு ஜன்னல் மட்டம்வரைதான் சுவர் எழும்பியிருந்தது. அந்தச் சுவர் மேலே போகுமா, அப்படியே நிற்குமா என்பது ஒரு பாட்டில் ஜூஸில் போய் நின்றது.

காக்காவின் யோசனை எளிமையானது. "இங்கே விக்கிற திராட்சை ஜூஸ் எல்லாம் சீனித்தண்ணிப்பா. கல்யாண வீட்ல பிரியாணி தின்னவனுக்கு அதைக் கொடுத்தா, பாயசத்து மேலே பாயசம். புளிப்பு வேணும். குளிர் ஊர் திராட்சைதான் புளிக்கும்." புளிப்புத் திராட்சைக்கு அவர் விசாரித்துக் கண்டுபிடித்த இடம் ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரை. கரை நெடுக ஒயின் செய்கிறவர்கள். அவர்களிடம் போய், ஒயினாகும் முன்னே சாற்றை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். சாற்றில் சாராயம் துளியும் இல்லை என்று சோதித்துச் சொல்ல நான். அறுவடை அக்டோபரில். அந்த வருஷம் அது ரமலான் மாதம்.

நோன்பு வைத்துக்கொண்டு ஒயின் நிலவறை நிலவறையாக ஏறி இறங்கிய ஆள் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. "பிரயாணத்துல நோன்பை விடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டேன். "விடலாம். ஆனா இந்த ஊர்ல விட்டா எதைக் குடிச்சு விடுறது? சுத்தி இருக்கிறதெல்லாம் அதுதானே" என்றார். வீட்டில் அவர் சொல்லிவிட்டு வந்தது, "திராட்சைத் தோட்டம் பார்க்கப் போறேன்." பொய் இல்லை.

எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை, அவருக்குப் பிடித்திருந்தது. ஆற்றின் மேல் பகல்வரை கலையாத பனிமூட்டம். மலைச்சரிவு சுவர் மாதிரி நிற்கிறது, அதில் கொடிக்கொடியாகத் திராட்சை. மண்ணே கண்ணில் படவில்லை, தரையெல்லாம் சிலேட்டுக் கல். பகலில் கிடைக்கிற கொஞ்ச வெயிலை அந்தக் கரிய சில்லுகள் பிடித்துவைத்துக்கொண்டு இருட்டியபின் கொடிகளுக்குக் கொடுக்கும் என்று தோட்டக்காரர்கள் சொன்னார்கள். காக்கா ஒரு சில்லை எடுத்துச் சட்டையில் துடைத்து, நகத்தால் கீறிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துச் சிலேட்டை எல்லாம் உடைச்சுப் போட்டுத் தோட்டம் வச்சிருக்கான் பாரு. நான் உடைச்ச சிலேட்டும் இங்கேதான் ஈக்குது போல." அந்தச் சில்லுகளின் மேலேயே விரிப்பைப் போட்டு லுஹர் தொழுதார். சஜ்தாவில் கல் நெற்றியில் குத்தியது. எழுந்து தேய்த்துக்கொண்டே, "சூடாத்தான் ஈக்குது, பொய் சொல்லலை" என்றார்.

அவரோடு சுற்றுவது பெரும்பாடு. ஒரு கதவைத் தட்டி, சாறு உண்டா, இல்லையா, விலை என்ன என்று கேட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு. அவர் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். தாத்தா படம், மருமகள் ஊர், பூனை பெயர் எல்லாம் விசாரிப்பார். அரைகுறை ஆங்கிலமும் கைச்சாடையும் போதும் அவருக்கு. நான் வாசலில் நின்று கடிகாரத்தைத் தட்டினால் திரும்பிப் பார்க்காமலே "இருப்பா" என்பார். அந்த ஒரு சொல்லால் எங்களுக்கு எத்தனையோ பஸ் போயிற்று. ஒருநாள் சாலையில் நின்றே சண்டை போட்டேன். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாசல்ல நின்னு கேட்டா விலை சொல்வான். உள்ளே உக்காந்து கேட்டாத்தான் விஷயம் சொல்வான். எனக்கு விஷயம் வேணும்." அழகான வாக்கியம்தான். பஸ் போனது போனதுதான்.

ஓர் இடத்தில் ருசி பார்க்கும் அறைக்குக் கூட்டிப்போனார்கள். வந்தவர்கள் ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, மேஜை மேலிருந்த பித்தளைப் பாத்திரத்தில் துப்பினார்கள். காக்கா கண்ணை அகல விரித்து என் காதில் சொன்னார்: "படிக்கம்டா! எங்க வீட்ல வெத்திலை துப்ப வச்சிருந்தோமே, அதே படிக்கம்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இவனுங்களும் குடிக்கிறதில்லையா? அநியாயமா இவ்வளவு நாள் தப்பா நினைச்சிட்டோமே" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. ஒயின் புரையேறிவிட்டது என்று அந்த வீட்டுக்காரர்கள் நினைத்துத் துண்டு கொடுத்தார்கள்.

வேலை மட்டும் நடக்கவில்லை. பல வீடுகளில், சாறு விற்பது எங்கள் தொழில் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கொடுக்கிறோம் என்ற இடங்களில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் சாறு நொதிக்கத் தொடங்கியிருந்தது. தொட்டியில் காதை வைத்தால் உள்ளே மழை தூறுகிற மாதிரி சத்தம். நான் மாதிரி எடுத்துப் பார்த்து, "மாஃபி காக்கா, ஆகாது, ஆரம்பிச்சிடுச்சு" என்பேன். கொஞ்சம்தான் இருக்கும், ஊரில் சூடாக்கினால் போய்விடும் என்று நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "கொஞ்சம்னா எவ்வளவு? எங்க உம்மாகிட்ட நீ வந்து சொல்வியா?" என்றார். திரும்பும் தேதி நெருங்கியது. அறைக்குள் அவர் வீட்டுக்குப் போன் பேசும்போது சுவர், சுவர் என்பதுதான் காதில் விழும்.

ஹில்டாவின் வீட்டுக்கு நாங்கள் போனதே வழி தவறித்தான். ஐம்பதைத் தொடும் பெண், ரப்பர் பூட்ஸும் கிழிந்த ஸ்வெட்டரும். அவளும் அண்ணனும் சேர்ந்து தோட்டம் பார்க்கிறார்கள். காக்கா வழக்கம்போல உள்ளே போய் அடுப்படிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். விஷயம் மெதுவாக வந்தது. இந்த வருஷம் கோடையில் வெயிலே வரவில்லை. அவளுடைய மேட்டுத் தோட்டத்தில் திராட்சை பழுக்கவில்லை, சர்க்கரை ஏறவில்லை. ஒயினுக்கு ஆகாது. பறிக்கும் கூலிகூடத் தேறாது என்று கொடியிலேயே விட்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்திலும் அதே கதை. அவள் இங்கிலீஷில் சொன்னதை நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன்.

"வெயில்தானே வேணும்? கண்டெய்னர் கண்டெய்னரா அனுப்புறேன்னு சொல்லு" என்றார் காக்கா. சொன்னேன். சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்தாள். காக்கா சட்டென்று எழுந்து நின்றார். "புளிக்குமா? கேளு. நல்லாப் புளிக்குமா?"

பறித்து, அவர் கண் முன்னாலேயே பிழிந்தாள். அதற்கு முன் பிழியும் இயந்திரத்தை இரண்டு தடவை கழுவவைத்தார். அவள் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கழுவினான். சாறு தெளிய விட்டிருந்த நேரத்தில் எங்களை நிலவறைக்குக் கூட்டிப்போனாள். காலியான ஒரு பெரிய ஒயின் பீப்பாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினாள். உட்சுவர் முழுக்கப் படிகம் பூத்து, உடைந்த கண்ணாடியை ஒட்டவைத்தது போல மின்னியது. ஒரு துண்டைப் பெயர்த்துக் கொடுத்தாள். திராட்சையில் இருக்கும் உப்பு இது, குளிர் பட்டால் இப்படி உறைந்து ஒதுங்கும் என்று நான் விளக்கினேன். "காக்கா, நம்ம புளியிலே இருக்கிற அதே அமிலம்."

"புளியா? போடா." ஒயின் பீப்பாயில் ஒட்டியிருந்ததை அவர் கையாலும் தொடவில்லை. தூரத்திலிருந்தே முகர்ந்து பார்த்தார். "இன்ஜினீயர் வாயில எது வந்தாலும் கடைசியிலே கோவில்பட்டிப் புளியிலே போய் நிக்கும்" என்று ஹில்டாவிடம் தமிழிலேயே சொன்னார். அவளும் புரிந்தது போலத் தலையாட்டினாள்.

சூரியன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இறங்கியது. காக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரை ஹில்டாவிடம் நீட்டினார், அவள் புதுச் சாற்றை ஊற்றினாள். ஒரே மடக்கு. கண்ணை இறுக மூடினார், தாடை ஒரு பக்கமாகக் கோணியது, தோளை உலுக்கிக்கொண்டார். ஹில்டா பயந்துவிட்டாள். கண் திறக்காமலே சொன்னார்: "இதுதான்." அன்றைக்கு அவர் பேரம் பேசவில்லை. பேரம் பேசாத ஜமால் காக்காவை நான் அந்த ஒருநாள்தான் பார்த்தேன்.

தவறு நடந்தது அதற்குப் பிறகு. அதைச் செய்ய வளைகுடாக்காரனால்தான் முடியும். சாற்றைச் சூடாக்கி பாட்டிலில் அடைத்தாயிற்று. இனி அது சும்மா வந்தாலே கெடாது. காக்கா கேட்கவில்லை. குளிர் கண்டெய்னர், அதுவும் எவ்வளவு கீழே போகுமோ அவ்வளவு கீழே. "டிசம்பர் காக்கா, எதுக்கு?" என்றேன். "நீ வந்து எத்தனை நாளாச்சு? ஜபல் அலி துறைமுகத்துல என் சரக்கு எத்தனை வெந்து போயிருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். நம் ஊர்களில் குளிருக்குப் போதும் என்ற அளவே கிடையாது. ஏஸியைப் போட்டுவிட்டுக் கம்பளி போர்த்துகிறவர்கள் நாம்.

கண்டெய்னரைத் திறந்தபோது நீங்களும் சிலர் இருந்தீர்கள். ஏதோ ஒரு துறைமுகத்தில் கீழே போட்டதில் மேல் பெட்டிகள் சில நொறுங்கியிருந்தன. உடையாத பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் பளபளவென்று சில்லு. எல்லாப் பாட்டிலிலும். தலைகீழாகத் திருப்பினால் மினுங்கிக்கொண்டே இறங்கியது. அர்பாப் அதே நேரத்தில் வந்து நின்றார். ஒரு பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "ஜமால், யே காஞ்ச் ஹை" என்றார். இது கண்ணாடி. குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. முழுவதையும் கொட்டச் சொன்னார். ஃபோர்க்லிஃப்ட்காரன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டான்.

நான் முன்னால் போய் உப்பு, குளிர், படிகம் என்று இங்கிலீஷில் படபடவென்று அடுக்கினேன். லேப் ரிப்போர்ட் வரவில்லை, மாதிரி எடுத்துக்கூட அனுப்பவில்லை. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அர்பாப் என்னைப் பார்க்கவே இல்லை. காக்கா என்னைப் பார்த்தார். "இன்ஜினீயர், பீப்பாயில பார்த்தோமே, அதுவா?"

"அதேதான் காக்கா. நிச்சயமா."

அவர் ஒரு பாட்டிலைத் திறந்தார். சாற்றைத் தரையில் ஊற்றினார். அடியில் நின்றதை உள்ளங்கையில் தட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி, வாயில் போட்டு மென்றார். அந்த ஷெட்டில் எல்லோருக்கும் கேட்டது. நறநறவென்று, கண்ணாடி மெல்வது போலவேதான் கேட்டது. ஃபோர்க்லிஃப்ட்காரன் எஞ்சினை அணைத்தான். காக்கா மென்று விழுங்கி, நாக்கை நீட்டி அர்பாபிடம் காட்டினார். ரத்தம் இல்லை. "காஞ்ச் நஹி அர்பாப். இம்லி ஹை." கண்ணாடி இல்லை, புளி. பிறகு என் பக்கம் திரும்பி, "கோவில்பட்டிப் புளிதான்டா" என்றார். அர்பாபும் ஒரு சில்லுக்குக் கையை நீட்டினார்.

அதன்பின் நடந்தது நீங்கள் அறிந்ததே. வடிகட்டினோம், லேப் ரிப்போர்ட்டும் நான் சொன்னதையே சொன்னது, பெருநாளுக்குக் கடைகளில் நின்றது. சுவர் எழும்பியது, நிக்காஹ் நடந்தது. சில வருஷம் கழித்து மந்தம் வந்தபோது ஃபேக்டரியே மூடியது. அதற்குப் புளியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காக்கா சலாலாவுக்குக் கடை வைக்கப் போனார், நான் கேஸ் வேலைக்குக் கத்தார் வந்தேன். பெருநாளுக்குப் பெருநாள் போன். "சலாலாவுக்கு வா இன்ஜினீயர், இங்கேயும் மழை, பனிமூட்டம் எல்லாம் ஈக்குது, மோசல் மாதிரியே." வருகிறேன், வருகிறேன் என்றேன்.

போன வாரம், நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குச் சலாலா போனேன். காக்காவின் மனைவி, மாமி, கணவன் இறந்தபின் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்ததால் கதவுக்குப் பின்னாலிருந்து சலாம் மட்டும் வந்தது. அன்றைக்கே திரும்ப டிக்கெட் போட்டிருந்தேன். வாசலில் நின்று ரிஃபாயின் கையைப் பிடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். உள்ளே வாங்க என்றார். நேரமாச்சு என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது, உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ரிஃபாய் டீ கொண்டுவந்து வைத்தார். "கண்ணாடி கதையை மாமா சொல்லாத நாள் இல்லை" என்றார்.

"அவருக்கு அது முன்னாலேயே தெரியும்ங்க. பீப்பாயில காட்டினாங்களே" என்றேன்.

ரிஃபாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாமாவுக்கு எங்கே தெரியும்? இதுவும் அதுவும் ஒண்ணுதானான்னு கடைசிவரைக்கும் சந்தேகமாம். மேலே பெட்டியெல்லாம் நொறுங்கிக் கிடந்துச்சாமே. கண்ணாடியாத்தான் இருக்கும்னு பாதி மனசு. எப்படி வாயில போட்டீங்கன்னு நான் கேட்டேன். 'இன்ஜினீயர் நிச்சயம்னு சொன்னான். அவன் அவசரக்காரன், ஆனா பொய் சொல்ல மாட்டான்'னு சொன்னாங்க."

டீ ஆறிவிட்டது. மாலை விமானம் போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

அவர் டம்ளர் என்னிடம் இல்லை, போட்டோகூட இல்லை. என்னிடம் இருப்பது ஒன்றுதான். இங்கே என் வேலை, தொட்டிகளுக்குள் ஆள் இறங்கும் முன் உள்ளே காற்று நல்லதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. இறங்குகிறவர்கள் நேபாளிகள், ராமநாதபுரத்துக்காரர்கள். அவர்கள் மீட்டரைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்ப்பார்கள். தலையாட்டினால் இறங்கிவிடுவார்கள். நேற்று ஒருமுறை பார்த்தேன், சரியாக இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். ஃபோர்மேன் பின்னால் நின்று, "யல்லா முருகேசன், யல்லா" என்று அவசரப்படுத்தினார்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "இருப்பா."